கல்லறை ஓரத்தில் பொய்ச்சான்று

நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் தோட்டத்தில் நில்லாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே அரிது. வெள்ளையடித்த கல்லறைகளும், சாமந்தி மாலைகளும், காற்றில் அணைய அணைய மீண்டும் ஏற்றப்படும் மெழுகுதிரிகளுமாய் அந்த மாலைப்பொழுது நமக்குப் பழகிப்போனது. இங்கே உறங்குவோர் அழிந்துபோகவில்லை என்று அன்று நாம் அறிக்கையிடுகிறோம். அந்த நம்பிக்கையை ஐயுறுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்குத் துணையாக நாம் நெடுங்காலமாய்க் கூண்டில் ஏற்றிவைத்திருக்கும் சாட்சி ஒருவரைக் குறித்துப் பேசியாக வேண்டும்.

அந்தச் சாட்சி, சாகும் நாத்திகர். வாழ்நாளெல்லாம் கடவுள் இல்லை என்றவர் மரணப் படுக்கையில் நடுங்கினார், அலறினார், குருவானவரைத் தேடினார் என்னும் கதையைக் கேளாதவர் நம்முள் யார்? மறையுரையில் கேட்டோம், மறைக்கல்வி வகுப்பில் கேட்டோம், கேட்டதை நம் பிள்ளைகளுக்கும் சொன்னோம். இறந்தவர் யார், எந்த ஊரினர், யார் அருகிருந்து கண்டார் என்று ஒருவரும் கேட்டதில்லை. மறுவாழ்வை விட்டவர்களுக்கு வெறுமையும் திகிலும் தவிர வேறு உணர்வு இராது என்று நாமே முடிவு செய்துவிட்டோம். அவர்கள் உள்ளத்தை அவர்களைக் கேளாமலே எழுதிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவுக்குடும்பத்து அன்னை ஒருவரின் அடக்கத்திற்குச் சென்றிருந்தோம். அங்கு உரையாற்றியவர், மறுவாழ்வை நம்பாதவனுக்குத் தாயும் ஒன்றுதான், நாயும் ஒன்றுதான் என்றார். எதுகை நன்றாயிருந்தது. சிலர் தலையசைத்தனர். அந்த அன்னையின் மூத்த மகன் இளமையிலேயே நம்பிக்கையை இழந்தவர். படுக்கையில் கிடந்த தாயைப் பதினொரு மாதங்கள் தூக்கியும் துடைத்தும் காத்தவரும் அவரே. கைப்பிடி மண்ணோடு குழியருகே அவர் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் மண் போட்டு முடியும்வரை காத்திருந்து, கடைசியில் தம் பிடியை இட்டுவிட்டு, யாரையும் பாராமல் நடந்தார். அதற்குப்பின் தாயின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குக்கூட அவர் ஆலய வளாகத்தை மிதிக்கவில்லை. அன்று நாம் அனைவரும் அங்கிருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இக்காயம் புதியதன்று. 1860 செப்டம்பரில் இலண்டனில் அறிவியலறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல் செங்காய்ச்சலில் இறந்தான். அவனுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. அடக்கத்தின்போது மறைப்பணியாளர், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய திருமுகத்திலிருந்து வாசித்தார். இறந்தோர் உயிர்த்தெழாவிடில் உண்போம், குடிப்போம் என்று இருந்துவிடலாமே என்னும் பொருளுடைய பகுதி அது. அச்சொற்கள் ஹக்ஸ்லியின் நெஞ்சில் அறைந்தன. ஈடுசெய்ய இயலாத இழப்பின் முன் நிற்கும் தந்தை, மறுவாழ்வுக்குச் சான்று காணவில்லை என்பதற்காக விலங்காகிவிட வேண்டுமா? குட்டியைப் பறிகொடுத்த குரங்குகூட விருந்து தேடிப் போகாதே! சில நாள்களில் அவர் எழுதிய மடலின் கருத்து இது.

பவுல் எழுதியதில் பிழையில்லை. உயிர்த்தெழுதலே இல்லை என்று வாதிட்ட கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு அவர் அளித்த விடை அது. மகனைப் புதைக்கும் தந்தையின் முகத்தில் எறிவதற்கென்று அவர் அதை எழுதவில்லை.

அம்மடல் யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அதைப் பெற்றவர் சார்லஸ் கிங்ஸ்லி. ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். தம் நம்பிக்கையை மறைக்காமலும், துயருற்றவரைச் சிறுமைப்படுத்தாமலும் அவர் ஆறுதல் மடல் விடுத்திருந்தார். மனைவியைத் தவிர வேறெவரிடமும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை என்று ஹக்ஸ்லி அவருக்கு மறுமொழி எழுதினார். நிலைவாழ்வைத் தாம் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. நம்பச் சான்று காணவில்லை. மனைவி, மக்கள், புகழ் யாவும் பறிபோனாலும் பொய் சொல்ல மாட்டேன் என்பதே அவர் நிலை. ஒரு மறைப்பணியாளர் வாசித்த சொல் கதவை அடைத்தது. இன்னொருவரின் மடல் அதைத் திறந்தது. நாம் எவர் வழியில் நிற்கிறோம்?

அலறல் கதைக்கு வருவோம். எடின்பரோ நகரத்து மெய்யியலார் டேவிட் ஹியூம் 1776-இல் இறந்துகொண்டிருந்தார். சூலை மாதத்தில் ஜேம்ஸ் பாஸ்வெல் அவரைக் காணச் சென்றார். சாவின் வாயிலில் நிற்பவர் இன்னும் மறுவாழ்வை மறுக்கிறாரா என்று அறியும் ஆவல் அவருக்கு. ஹியூம் மெலிந்திருந்தார், ஆயினும் கலங்கவில்லை. இல்லாமல் போவதை எண்ணி அச்சம் வரவில்லையா என்று பாஸ்வெல் கேட்டார். பிறக்கும் முன் இல்லாதிருந்ததை எண்ணி எப்படி வருந்துவதில்லையோ, அப்படித்தான் இதுவும் என்பது ஹியூமின் விடை. கலங்கியவர் நம்பிக்கையாளராகிய பாஸ்வெல்தாம்! பின்னர் இதைக் கேட்ட சாமுவேல் ஜான்சன் நம்ப மறுத்தார். அமைதியானவர் என்று பேரெடுக்கும் வீண்பெருமை அது என்றார். ஹியூமின் கடைசி நாள்களைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதிய ஆடம் ஸ்மித்துக்கு வசையே பரிசாகக் கிடைத்தது. பொய்ச்சான்றுக்கு ஆலயத்தில் இடமளித்து, மெய்ச்சான்றுக்கு வசை கொடுத்தால், எட்டாம் கட்டளையை நாம் யாருக்காக மனப்பாடம் செய்தோம்?

மறுவாழ்வை விடுவது சிலருக்கு விடுதலையாகவும் இருந்திருக்கிறது. இதைக் கேட்க நமக்குக் கசக்கும். சார்லஸ் டார்வின் தம் தன்வரலாற்றில், நம்பாதோருக்கு முடிவில்லாத் தண்டனை என்னும் போதனையை மிகக் கடுமையாகக் கண்டித்தார். அது மெய்யானால் தம் தந்தையும் தமையனும் நெருங்கிய நண்பர்களும் நரகத்தில் என்றல்லவா ஆகும்? அவருடைய மனைவி எம்மா கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊன்றியவர். அவர் விருப்பப்படி அப்பகுதி முதற்பதிப்பில் நீக்கப்பட்டது. 1958-இல்தான் முழுமையாக வெளிவந்தது. டார்வினை நம்பிக்கையிலிருந்து அகற்றியவற்றுள் நாம் வரைந்து காட்டிய நெருப்பும் ஒன்று. தம் குற்றமின்றிக் கடவுளை அறியாதிருந்தும் நேரிய வாழ்வுக்கு முயல்வோருக்கு மீட்புக்குரிய உதவியை இறைவன் மறுப்பதில்லை என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நம் மறையுரை மேடைகள் சிலவற்றுக்கு அச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எல்லா இறைமறுப்பாளரும் அமைதியோடு இருக்கிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை, அதுவும் பொய்ச்சான்றாகிவிடும். ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் விடியுமுன் விழித்துக்கொண்டு சாவை எண்ணி அஞ்சியதை 1977-இல் ஒளிவுமறைவின்றிக் கவிதையாக்கினார். ஜெர்மானியச் சிந்தனையாளர் மாக்ஸ் ஹோர்க்ஹைமரை வருத்தியது வேறொன்று. கொலையுண்ட குற்றமற்றவர்மீது கொலைகாரன் இறுதி வெற்றி பெற்றுவிடக் கூடாதே என்னும் ஏக்கத்தை அவர் முதுமையிலும் கைவிடவில்லை. அந்த ஏக்கம் நிறைவேறும் என்று உறுதியும் கூறவில்லை. நம் மண்ணில் பெரியார் 1933-இல் நாகம்மையாரை இழந்தபோது குடிஅரசில் எழுதினார். மறுமையில் சந்திப்போம் என்னும் ஆறுதலை அவர் தேடவில்லை. இழப்பை மறைக்கவும் இல்லை. அச்சம், அமைதி, விடுதலை, ஏக்கம் என அவர்கள் உள்ளமும் நம் உள்ளத்தைப்போலவே பலவாறாக இருக்கிறது.

அவர்களும் அமைதியாகச் சாவார்களென்றால் நம் எதிர்நோக்குக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியே நம் நோயைக் காட்டிவிடுகிறது. உயிர்த்த ஆண்டவரின் காலியான கல்லறைமேல் நிற்கவேண்டிய நம்பிக்கையை நாம் நாத்திகரின் நடுக்கத்தின்மேல் நிறுத்தப் பார்த்தோம். அவர் நடுங்காவிட்டால் நமக்கு நடுக்கம் வந்துவிடுகிறது! கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே துயருற்றார். சற்று நேரத்தில் இலாசரை எழுப்பவிருந்தவர் அவன் கல்லறை முன் கண்ணீர் விட்டார். அச்சத்தைக் கொண்டு ஒரு கொள்கையைப் பொய் என்றோ, அமைதியைக் கொண்டு மெய் என்றோ தீர்த்துவிட முடியாது.

நம்மில் பலர் அன்போடு வணங்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாளும் ஒரு காலத்தில் நம்மைப்போலவே எண்ணியிருந்தார். நம்பிக்கையற்றோர் உண்மையில் இல்லை, விண்ணகத்தை மறுப்போர் மனமறிந்து பொய் பேசுகிறார்கள் என்பதே அவர் கருத்து. 1896 உயிர்ப்புக் காலத்தில் அவர் உள்ளத்தில் இருள் கவிந்தது. விண்ணகம் குறித்த எண்ணமே போராட்டமாயிற்று. சாவுக்கு அப்பால் உனக்குக் கிடைக்கப்போவது வெறுமையின் இரவே என்று இருள் தம்மை ஏளனம் செய்வதாக அவர் எழுதினார். நம்பிக்கையில்லாதோர் மெய்யாகவே உண்டு என்று அப்போதுதான் அவர் உணர்ந்தார். உணர்ந்தபின் அவர்களை அவர் இகழ்ந்தாரா? அவர்களைத் தம் உடன்பிறப்புகள் என்றார்; அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து துயரத்தின் அப்பத்தை உண்ண இசைந்தார். விசுவாச அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்துநான்கு வயதில், அந்த இருள் முற்றிலும் விலகாமலே இறந்தார். நூறாண்டு கழித்து 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று உயர்த்தியது. அவரிடம் ரோஜா மலர்களை மட்டும் கேட்டுப் பெறும் நாம், அவர் அமர்ந்த பந்தியை மறந்துவிட்டோம்.

இறைமறுப்பு தோன்றுவதற்கு நம்பிக்கையாளரும் காரணமாகக் கூடும். தம் வாழ்வாலும் தவறான விளக்கத்தாலும் கடவுளின் முகத்தை அவர்கள் மறைத்துவிடலாம் என்று 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு எச்சரித்தது. கல்லறை ஓரத்தில் சொல்லப்படும் எதுகை ஒன்றும் அம்முகத்தை மறைக்கப் போதும்.

ஆகவே வரும் நவம்பரில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பெயரில்லாத நாத்திகரின் சாவுக் கதையை இனி நம் வாயால் சொல்லாதிருப்போம். யாரேனும் சொன்னால், கண்டவர் யார் என்று பணிவோடு கேட்போம். அடக்கத்தில் நம்பிக்கையற்ற மகனோ மகளோ நின்றால், அவர்கள் துயரத்தை நம் வாதத்துக்குக் கருவியாக்காமல் அருகில் நிற்போம். உயிர்ப்பை நாம் அறிவிக்கத்தான் வேண்டும், உரக்கவே அறிவிப்போம். அதற்கு இன்னொருவரின் கண்ணீரைக் கொச்சைப்படுத்தத் தேவையில்லை.

அந்த மூத்த மகன் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார். யாரேனும் அவரிடம் போக வேண்டும். மறுவாழ்வை மெய்ப்பிப்பதற்காக அல்ல, அன்று வாய்மூடி நின்றதற்கு மன்னிப்புக் கேட்பதற்காக. போகவேண்டியவர்கள் நாம்தாம்.