ஹில் தெரு தீயணைப்பு நிலையம் நமக்குச் சொல்லும் பாடம்

சிங்கப்பூர் சென்று வரும் நம் வணிக நண்பர்கள் பெரும்பாலும் சிராங்கூன் சாலையைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஹில் தெருவில், சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் வரிவரியாக மாறி மாறி வரும் பழைய கட்டிடம் ஒன்று இருக்கிறது. அதுதான் மத்திய தீயணைப்பு நிலையம். வணிகம் செய்பவர் ஒவ்வொருவரும் அந்தக் கட்டிடத்தின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது என்று நாம் கருதுகிறோம்.

சிங்கப்பூரில் தீயணைப்புப் படை முறையாக அமைந்தது 1888-ல். துறைமுக நகரமாகையால் கிடங்குகளும், நெருக்கமாகக் கட்டிய கடை வீடுகளும் நாளுக்கு நாள் பெருகின. கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற அமைப்பில் ஒரு கடையில் பற்றும் தீ ஒரு வரிசையையே அழித்துவிடும். இந்த நிலையில்தான் 1909-ல் ஹில் தெரு நிலையம் கட்டி முடிக்கப்பட்டது. குதிரை இழுத்த நீராவிப் பம்புகள் போய் மோட்டார் வண்டிகள் வரத் தொடங்கிய காலம் அது. கீழ்த்தளத்தில் வண்டிகள் நின்றன. தீயணைப்பு வீரர்கள் அதே கட்டிடத்தில் குடியிருந்தார்கள். மணி அடித்தால் நேரே வண்டிக்கு வந்துவிடலாம்.

கட்டிடத்தின் மேல் ஒரு கோபுரம் உண்டு. நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தவும், வீரர்களுக்குப் பயிற்சி தரவும் அது பயன்பட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை காவல். சுற்றிலும் தாழ்ந்த கூரைகளே இருந்த அந்நாளில், அதன் உச்சியில் நின்ற காவலர் எங்கே புகை எழுகிறது என்று ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரிகள் நிம்மதியாகக் கடையடைத்துவிட்டுத் தூங்கினார்கள் என்றால், அதற்கு அந்தக் கோபுரமும் ஒரு காரணம்.

ஆனால் கோபுரத்தால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. 1961 மே 25-ம் தேதி புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் பற்றிய தீ, சுமார் 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. நெருக்கமான சந்துகளுக்குள் தீயணைப்பு வண்டிகள் எளிதில் நுழைய முடியவில்லை. தண்ணீரும் போதவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி 1972-ல் நடந்தது. ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் என்று புகழ்பெற்ற பேரங்காடி இருந்தது. 1858-ல் தொடங்கிய வியாபாரம். ஹில் தெரு நிலையத்துக்கும் அதற்கும் ஒரு மைல் தூரம்கூட இல்லை. 1972 நவம்பர் 21 அன்று காலை, பழைய மின்கம்பியில் ஏற்பட்ட கோளாறால் அங்கே தீப்பிடித்தது. கடை நிறையச் சரக்கு. தீ மளமளவென்று பரவியது. மின்சாரம் நின்றதும் லிப்ட்டுகளும் நின்றுவிட்டன. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் லிப்ட்டுக்குள் சிக்கியவர்கள். அந்தக் கட்டிடமும் அழிந்தது. பெரிய கட்டிடங்களுக்கான தீத்தடுப்பு விதிகள் அங்கே கடுமையானது அதன் பிறகுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தீயணைப்பு நிலையம் பக்கத்திலேயே இருந்தது. வண்டியும் வந்தது, வீரர்களும் வந்தார்கள். ஆனால் தீ பிடித்தது கடைக்குள் ஓடிய பழைய கம்பியில். அதைக் கோபுரத்தில் நிற்பவர் எப்படிப் பார்ப்பார்? கடைக்காரர்தான் பார்த்திருக்க முடியும்.

இப்படி எழுதும்போது நம் அங்கத்தினர்கள் சிலர் கோபிக்கலாம். தீயணைப்பு உரிமம், ஆய்வு, சான்று என்று வந்தால் அதை அலைக்கழிப்பு என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். சிறு கடைக்காரர் ஒரு சான்றுக்காக வேலையை விட்டுப் பலமுறை நடக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அதைச் சங்கம் தொடர்ந்து எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அலைச்சல் தவறு என்பதால் விதியும் தவறாகிவிடாது. சுவரில் மாட்டிய தீயணைப்பான் அதிகாரிக்குக் காட்டுவதற்காக அல்ல. அதன் காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தால் அது வெறும் சிவப்பு உருளைதான்.

சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்ததைப் பழைய வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 மே 31-ல் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பல மாடிக் கட்டிடம் தீக்கிரையானதையும் நாடே பார்த்தது. எத்தனை பெரிய முதலாக இருந்தாலும் தீக்கு ஒரு நாள் போதும். ஒரு நாள் சரக்கை நம்பி மறுநாள் வியாபாரம் செய்யும் மளிகைக் கடைக்கு அந்த ஒரு நாள்கூட வேண்டாம்.

நம் கடைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் தீப்பெட்டிப் பண்டல், அதன் மேல் சூடம். மாடிப்படி முழுக்கச் சாக்கும் அட்டைப் பெட்டியும். ஒரே பிளக்கில் பிரிட்ஜ், மின்விசிறி, எடை மெஷின். இரவு கடை சாத்தும்போது சாமி படத்தின் முன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. வாசலில் அடுக்கிய மூட்டைகள் தெருவைப் பாதியாக்கிவிடுகின்றன. தீயணைப்பு வண்டி வந்தாலும் எந்த வழியாக உள்ளே வரும்?

இவற்றைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. படியைக் காலியாக வைக்கலாம். சூடத்தையும் தீப்பெட்டியையும் எண்ணெயிலிருந்து பிரித்து வைக்கலாம். விளக்கை அணைத்து, எப்போதும் ஓட வேண்டியவை தவிர மற்ற மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பூட்டலாம். பழைய வயரிங்கை மட்டும் செலவு பார்க்காமல் மாற்றியே ஆக வேண்டும். எரியும் எண்ணெயிலும் மின்சாரத் தீயிலும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதைக் கடைப் பையனுக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொரு கடைவீதியிலும் வண்டி நுழையும் அகலத்துக்கு வழிவிடுவதை நமக்குள் நாமே கட்டுப்பாடாக வைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரி வந்து சொல்லும் வரை காத்திருப்பது நமக்குப் பெருமையல்ல.

ஹில் தெரு நிலையம் 1998-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் அதன் ஒரு பகுதியில் காட்சிக்கூடமும் இருக்கிறது. ஆனாலும் அது வெறும் அருங்காட்சியகமாகிவிடவில்லை. இன்றும் அங்கிருந்து தீயணைப்பு வண்டிகள் புறப்படுகின்றன. மாறியது ஒன்றுதான். கோபுரத்தின் மேல் நின்று ஊரைப் பார்க்க இப்போது எவரும் தேவைப்படுவதில்லை. அந்தக் காவல் வேலை இன்று ஒவ்வொரு கடைக்காரரின் கைக்கும் வந்திருக்கிறது. இன்று இரவு கடையைப் பூட்டுமுன் ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்க்குமாறு நம் அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.