ஒன்பதாம் வகுப்போடு முடிகிற படம்

"சினிமாவைப் பார்த்துத்தானே நம்ம பயலுக கெட்டுப் போனானுங்க? அதைப் பாடமா வேற வைக்கணுமா?"

மேல்நிலைப் பள்ளியில் சினிமாவை ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தால் இந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. தலைமையாசிரியர் கேட்கிறார், சரி. நம் இயக்கத் தோழரும் கேட்கிறார். தோழரின் பதற்றத்தில் நியாயம் உண்டு. முதல் தலைமுறையாக பிளஸ் டூ வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த பிள்ளை. அது பிசிக்ஸ் படிக்கட்டும், கணக்குப் படிக்கட்டும், குரூப் ஃபோர் எழுதட்டும். படம் பார்த்துப் பேசுவதெல்லாம் வயிறு நிறைந்தவன் வேலை என்கிறார்.

தோழரே, அந்தப் பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாத்தியார் மட்டும்தான் இல்லை.

தென்மாவட்டப் பள்ளிகளில் பதினோராவது, பன்னிரண்டாவது படிக்கிற பையன்களின் மணிக்கட்டில் கிடக்கிற கயிற்றின் நிறத்தைப் பாருங்கள். பிறகு கையில் இருக்கிற செல்போனைப் பாருங்கள். முப்பது வினாடி வீடியோ. மீசை, அரிவாள், பின்னணியில் சாதிப் பெருமைக்கென்றே எடுத்துவைத்துக்கொண்ட ஒரு பழைய சினிமாப் பாட்டு. பையன் பிறப்பதற்குப் பதினைந்து வருடம் முந்தி வந்த படம். அவனுக்குத் திருக்குறள் நாலு ஒப்பிக்க வராது, இந்தப் பாட்டு முழுசாக வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை அவனோடு படித்த ஆதிக்கசாதிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அரசு நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது: கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது. சரியான பரிந்துரைகள்தான். படம் பார்த்துத்தான் வெட்டினான் என்று நான் சொல்லவில்லை. சாதி சினிமாவைவிட ரொம்ப ரொம்ப மூத்தது. ஆனால் கயிற்றை அறுக்கலாம், அந்தக் கைக்கு வீரம் என்று சொல்லிக்கொடுத்த பிம்பத்தை எந்த சர்க்குலர் அறுக்கும்?

1992இல் சின்னக் கவுண்டர், தேவர் மகன். 93இல் எஜமான். 94இல் நாட்டாமை. அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்த கையோடு, சேரிக்குச் சேரி அவர் படம் ஏறிக்கொண்டிருந்த வருடங்களில், திரையில் ஆலமரத்தடியும் சொம்பும் பரம்பரைத் தீர்ப்பும் கொடிகட்டிப் பறந்தன. தேவர் மகனுக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் கிடைத்தது. திரைக்கு வெளியே நடந்தது என்ன? 1995இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து சூறையாடியது. 1997 ஜூன் 30இல், தனித்தொகுதியில் முறைப்படி தேர்தலில் ஜெயித்து மேலவளவு ஊராட்சித் தலைவரான முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். நாட்டாமை படத்தையும் மேலவளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஊரில் தீர்ப்புச் சொல்கிற உரிமை யாருக்கு?' என்று ஒரு பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்து மார்க் கேள்வி.

செய்முறையும் உண்டு. பஞ்சாயத்துக் காட்சி ஒன்றை சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வசனமும் இசையும் போய்விட்டால் உடம்புகள் மட்டும் மிஞ்சும். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்? யார் துண்டு தோளில், யார் துண்டு கக்கத்தில்? காமிரா யாரை அண்ணாந்து பார்க்கிறது? கைகட்டி நிற்கிற கும்பலில் ஒருத்தனுக்காவது பெயர் உண்டா? பதினாறு வயசுப் பிள்ளைக்கு இது ஒரு பீரியடில் விளங்கிவிடும். கட்டுடைப்பு, பிம்பம், கருத்தியல் என்று சிறுபத்திரிகைகளில் முப்பது வருடமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். நமக்குள்ளேயே படித்து நமக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டோம். பிளஸ் டூ பெஞ்சுக்கு அதில் ஒரு வரியாவது போய்ச் சேர்ந்ததா?

வேறு இடங்களில் இது புதுசு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பள்ளியின் கடைசி இரண்டு வருடத்தில், ஏ-லெவலில், ஃபிலிம் ஸ்டடீஸ் ஒரு தனிப் பாடம். எஜுகாஸ் என்ற தேர்வு வாரியம் 2017இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் இரண்டு எழுத்துத் தேர்வுகள், தலா 35 சதவீதம். மீதி 30க்கு மாணவரே குறும்படம் எடுக்க வேண்டும், அல்லது திரைக்கதை எழுத வேண்டும். அங்கேயும் 'மிக்கி மவுஸ் பாடம்' என்று நக்கலடிக்கிறவர்கள் உண்டு. இங்கே சி.பி.எஸ்.இ.யில் பதினொன்று, பன்னிரண்டுக்கு மாஸ் மீடியா ஸ்டடீஸ் இருக்கிறது. யார் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் அரசுப் பள்ளிக்கு வருவோம். 2022இல் தமிழக அரசு சிறார் திரைப்பட விழா தொடங்கியது. மாதம் ஒரு படம் போட்டு அதைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவைக்கிற திட்டம். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைதான். மீசை அரும்புகிற வயசில், கயிறு கட்டுகிற வயசில், காதலித்ததற்காக வெட்டுப்படுகிற வயசில் திரையை இழுத்து மூடிவிடுகிறோம். அங்கேதானய்யா படமே ஆரம்பிக்கிறது!

நான் வங்கியில் கிளார்க். கல்விக்கடன் மனுக்கள் என் மேசை வழியாகத்தான் போகும். காலனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், கட்டட வேலை. மகனுக்கு விஷுவல் கம்யூனிகேஷனில் இடம் கிடைத்திருந்தது. தனியார் கல்லூரி. "என்னய்யா, சினிமா படிக்கக் கடனா? இன்ஜினியரிங்னாலும் யோசிக்கலாம்" என்றார் அதிகாரி. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் காகிதங்களை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். வெளியே போகும்போது என்னிடம் கேட்டார்: "தம்பி, இது படிப்புதானே?" அதே படிப்புக்கு அப்பன் கையெழுத்தும் வீட்டுப் பத்திரமும் போதும் என்கிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பிளஸ் டூவில் அது இலவசப் பாடமாக, அரசு கொடுக்கிற மார்க்குள்ள பாடமாக இருந்திருந்தால் பெரியவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

பாடம் வந்துவிட்டாலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 'ரசனை' என்று ஒரு வஸ்துவைக் கொண்டுவந்து வைப்பார்கள். ராயும் டி சிகாவும் பார்த்துக் கண் கலங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உள்ளூர்ச் சாதியைப் பற்றி மூச்சு விட வேண்டாம். அந்தப் பாடத்திட்டக் குழுவில் நாம் உட்காராவிட்டால் இதுதான் நடக்கும். ராய் இருக்கட்டும், நான் வேண்டாமென்றா சொல்கிறேன்? நந்தனாரிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். 1935இல் கே.பி. சுந்தராம்பாள், 1942இல் தண்டபாணி தேசிகர். நந்தனை அடக்கிவைக்கிற அந்தப் பண்ணை வேதியர் பெரியபுராணத்திலேயே கிடையாது, கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையில் வந்து சேர்ந்தவர். சேக்கிழாரிடம் இல்லாத ஆண்டை திரைக்கு எப்படி வந்தார்? தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய பாடம் இது.

பிறகு பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண். சாதி இந்துக்கள் திரையைக் கல்லால் அடித்து அவளை ஊரைவிட்டே துரத்தினார்கள். அதன்பின் மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த ஃபன்றி. கூடப் படிக்கிறவர்கள் வேடிக்கை பார்க்கப் பன்றி பிடிக்கிற ஜாப்யா என்ற பையன். பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் போகிறபோது பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் புலேயும் சாவித்திரிபாயும். கடைசியில் ஜாப்யா எறிகிற கல் நேராகக் காமிராவை நோக்கி வரும். அன்றைக்குத் திரையை நோக்கிப் போன கல், இன்றைக்குத் திரையிலிருந்து வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடமாக வையுங்கள். கயிறு கட்டினவனும் கட்டாதவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். சண்டை வருமென்றால் வரட்டும். வாத்தியார் இருக்கும்போது வரட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்று துறையில் கேட்பார்கள். கோடம்பாக்கத்தில், சாலிகிராமத்தில், பத்து வருடமாக உதவி இயக்குநராகவே அலைகிற நம் பையன்களை, பெண்களைக் கூப்பிடுங்கள். பகுதிநேரமாகவாவது வேலைக்கு வையுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, மாசம் பிறந்தால் சம்பளம் என்பதே புது விஷயமாக இருக்கும்.