எந்த வயதில் இன்னொரு மொழி?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தாமலிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் காலையிலேயே பள்ளி வேன்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் ஏறும் பிள்ளைகளில் சிலருக்கு நான்கு வயதுகூட நிறைந்திருக்காது. பெற்றோரைக் கேட்டால், சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் இங்கிலீஷ் வரும் என்கிறார்கள். தேசிய கல்விக் கொள்கை 2020-உம் வேறு சொற்களில் இதையே கூறுகிறது. இரண்டு முதல் எட்டு வயது வரை குழந்தைகள் மொழிகளை மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டுவதாகவும், ஆகவே தாய்மொழிக்கு முக்கியத்துவம் தரும் அதே வேளையில், அடித்தள நிலையிலிருந்தே பல மொழிகளை அறிமுகப்படுத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. தமிழக அரசு 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கியதற்கும், 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைக் கொண்டுவந்ததற்கும் பின்னால் பெற்றோரின் இந்த நம்பிக்கையே இருந்தது. மும்மொழியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் வேறு எதில் மோதிக்கொண்டாலும், சிறு வயதில் தொடங்குவதே சிறந்தது என்பதில் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். அந்த ஒற்றுமையைத்தான் சற்று உரசிப் பார்க்க வேண்டும்.

பெற்றோரின் கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். பொருளாதார ஆய்வாளர்கள் மெகதாபுல் ஆசம், ஏமி சின், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கல்வி, சமூகப் பின்னணி முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும், ஆங்கிலம் சரளமாகப் பேசும் இந்திய ஆண்களின் ஊதியம் பேசத் தெரியாதவர்களின் ஊதியத்தைவிடச் சராசரியாக 34 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கொஞ்சம் பேசத் தெரிந்தாலே 13 விழுக்காடு கூடுதல். இப்படியொரு வருவாய் தரும் முதலீட்டை எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்? ஆனால், ஒரு முதலீடு நல்லது என்பது வேறு. அதை எப்போது, எவ்வளவு, எந்த வடிவில் செய்வது என்பது வேறு.

குழந்தைகள் மொழியை எளிதில் பற்றிக்கொள்வார்கள் என்பது பொய்யன்று. அதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழைத் தெருவும் விளையாட்டும் கடையுமே கற்பித்துவிடுகின்றன. பள்ளியில் சேரும்போதே இரண்டு மொழி பேசுகிறார்கள். தாங்கள் இரண்டு மொழி கற்றதாக அவர்களுக்கே தெரியாது. மொழி கற்பதற்கு உயிரியல் அடிப்படையிலான ஒரு பருவம் உண்டு என்ற கருத்தை எரிக் லென்னபர்க் 1967-இல் விரிவாக முன்வைத்தார். அமெரிக்காவில் குடியேறிய சீன, கொரிய மொழியினரை ஆராய்ந்த ஜான்சனும் நியூபோர்ட்டும், சிறு வயதில் வந்து சேர்ந்தவர்களே ஆங்கில இலக்கணத்தில் அந்நாட்டவரை எட்டினர் என்று 1989-இல் காட்டினர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விடைகளைக் கொண்டு 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இலக்கணம் கற்கும் திறன் பதினேழு வயதுவரை பெரிதும் குறையாமல் இருக்கிறது என்றும், ஆனால் தாய்மொழியாளரைப் போலவே ஆக வேண்டுமானால் ஏறத்தாழ பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும் என்றும் கண்டது.

இந்த ஆய்வுகளில் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. இவற்றில் சொல்லப்படும் குழந்தைகள் அந்த மொழிக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். நெசவாளர் தெருக் குழந்தைக்கும் அப்படித்தான். ஒரு குழந்தை நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் விழித்துக்கொண்டு பேச்சைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் ஒரு மொழிப்பாடத்துக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு முக்கால் மணி. ஆண்டுக்கு 200 வேலை நாள் என்றால் 150 மணி. பன்னிரண்டு ஆண்டு படித்தாலும் 1,800 மணி. அதாவது, ஒரு மாணவன் பள்ளிக்காலம் முழுவதும் கற்பது, ஒரு குழந்தை வெறும் ஆறு மாதத்தில் காதால் வாங்கிக்கொள்ளும் அளவே. அந்த முக்கால் மணியையும் நாற்பது பேர் பங்கிட்டுக்கொண்டால், தலைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேச வாய்க்கும். அதுவும் ஆசிரியர் வாயே திறக்காதிருந்தால்.

ஆங்கிலத்தைப் பாடமாக மட்டும் கற்கும் பிள்ளைகளின் நிலையை ஸ்பெயினின் கேடலோனியாவில் நடந்த ஆய்வு தெளிவுபடுத்தியது. அங்கு ஆங்கிலம் தொடங்கும் வயது பதினொன்றிலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டபோது, பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் கார்மென் முனியோசும் அவருடைய குழுவினரும் இரு சாராரையும் ஒப்பிட்டனர். 200, 416, 726 மணி நேரப் பாடம் முடிந்த கட்டங்களில் சோதித்ததில், பெரும்பாலான தேர்வுகளில் பதினொரு வயதில் தொடங்கியவர்களே முந்தி நின்றனர். இதற்கு முன்பே, நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலம் பேசுவோரைக் கொண்டு 1978-இல் ஸ்னோ, ஹூஃப்நாகல்-ஹோலே ஆகியோர் செய்த ஆய்வில், முதல் ஆண்டில் டச்சு மொழியை வேகமாகக் கற்றவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் கடைசியில் நின்றார்கள். சிறுவர்களின் பலம் வேகத்தில் இல்லை. நீண்ட காலம் மொழிக்குள் மூழ்கியிருந்தால் அவர்கள் பின்னால் முந்திச் செல்வார்கள். வாரத்துக்கு ஐந்து வகுப்பில் அந்த நீண்ட காலம் ஒருபோதும் வருவதில்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்படும். தறியில் ஒருவர் போதாது. கரைப்பக்க நாடாவை வீச இன்னோர் ஆள் வேண்டும். முன்பு பெரும்பாலும் ஒரு சிறுவன் அங்கே உட்கார்ந்திருப்பான். அந்தச் சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்பியது நாம் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று; அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால், அவர்கள் நெசவைக் கற்றது பிஞ்சு வயதில் தொடங்கியதால் மட்டும் அன்று. நாள் முழுதும் தறியடியில் இருந்ததால். நாளுக்கு முக்கால் மணி நேரம் கரும்பலகையில் பாவு, ஊடை என்று எழுதிப் படித்திருந்தால், எந்த வயதில் தொடங்கியிருந்தாலும் ஒரு முழம் துணி இறங்கியிருக்காது.

பெரியவர்களுக்கு மொழி வராது என்பதும் இதே நம்பிக்கையின் மறுபக்கம். வயது கூடினால் முதலில் அடிபடுவது உச்சரிப்பு. ழகரம் வடநாட்டவருக்கு எளிதில் படியாது (நம்மில் எத்தனை பேருக்குப் படிந்திருக்கிறது என்பது தனிக் கேள்வி). நமக்கோ இந்தியின் நான்கு ககரங்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் சொல், இலக்கணம், வாசிப்பு ஆகியவற்றில் பெரியவர்களுக்குச் சாதகங்கள் பல. ஒரு விதியைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்; ஏற்கெனவே தெரிந்த மொழியோடு ஒப்பிடுவார்கள்; எதற்காகக் கற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிரம்பும் தறுவாய். திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பார்கள். பத்தாண்டுக்குள் அவருடைய புதிய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு அச்சாகிவிட்டது. சீகன்பால்கு மேதை என்று ஒதுக்கிவிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனமோ சாதாரண அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்க ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி நேரம் போதும் என்று கணக்கிடுகிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குச் செலவிடும் 1,800 மணியைவிட இது குறைவு. சிறு குழு, முழுநேரப் பயிற்சி, முடிந்தவுடன் அந்த மொழியில் செய்ய வேண்டிய வேலை: வேறுபாடு இவற்றில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரையொட்டிச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையின் உணவகங்களில் பரிமாறும் ஒடிசா, பிகார் இளைஞர்களைப் பாருங்கள். எண்கள், பண்டங்களின் பெயர்கள், 'அண்ணே, இன்னும் அஞ்சு நிமிஷம்' என்பது போன்ற வாக்கியங்கள் ஆறே மாதத்தில் அவர்களிடம் ஓடுகின்றன. அதன் பிறகு வளர்வதில்லை. எழுத்தைச் சொல்லித்தர ஆளில்லை; பேருந்துப் பலகையும் மருந்துச் சீட்டும் அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கோடுகளாகவே இருக்கின்றன. தேவை கொண்டுபோகும் எல்லை வரை அவர்கள் தாமாகவே போய்விட்டார்கள். அதற்கு மேல் ஆசிரியர் வேண்டும்.

ஆசிரியர் என்றதும் நம்மிடமுள்ள பெரிய குறை தெரியவரும். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கதையும் பாட்டும் விளையாட்டுமே மொழிப்பாடம். அதற்கு அந்த மொழியைத் தயக்கமின்றிப் பேசும் ஆசிரியர் வேண்டும். பன்னிரண்டு வயதில் இலக்கண விளக்கம் பயன் தரும். வாசிப்பு அதைவிடப் பயன் தரும். முப்பது வயதுக்காரருக்கு அவர் அன்றாடம் சந்திக்கும் சூழலிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும். பிழையைப் பத்துப் பேர் முன் திருத்தினால் மறுநாள் அவர் வரமாட்டார். நாமோ மூன்று வயதினருக்கும் ஒரே முறையைத்தான் வைத்திருக்கிறோம்: பாடநூல், கேள்வி-பதில், மனப்பாடம். 1918-இல் காந்தியடிகளால் சென்னையில் தொடங்கப்பட்ட தட்சிண பாரத இந்திப் பிரசார சபை, விரும்பியவர் விரும்பிய வயதில் கற்கும் வழியைத் திறந்தது. அதன் தேர்வுகளைத் தமிழர்கள் பெருந்தொகையில் எழுதிவருகிறார்கள். ஆனால், பல தேர்வுகளில் தேறியும் வட இந்திய ரயில் நிலையமொன்றில் வழி கேட்கத் திணறிய மாணவர்களை நான் அறிவேன். தேர்வுக்குப் படித்தது தேர்வோடு நின்றுவிட்டது.

1968 ஜனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தின் மூலம் தமிழகம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. ஒன்றிய அரசு தேசிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட்டு 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாய்ப் பள்ளிக் கல்வி நிதியை நிறுத்திவைத்தது தவறு என்பதே என் கருத்து. மொழியைக் கருவூலச் சாவியாக்குவது கூட்டாட்சிக்கு அழகன்று. ஆனால், இரண்டா மூன்றா என்ற எண்ணிக்கைச் சண்டையில் மணிக்கணக்கு மறைந்துபோகிறது. மூன்றாவது மொழிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு பாடவேளையும் கணிதத்திலிருந்தோ தமிழிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும். பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். இரண்டாவது மொழியே நாவில் ஏறாத நிலையில் மூன்றாவதைச் சேர்ப்பது, பாதி நெய்த புடவையைத் தறியில் விட்டுவிட்டு அடுத்த பாவைப் புணைப்பது போன்றது. இந்த வாதம் இருமொழி பேசுவோருக்கும் பொருந்தும். தமிழே தடுமாறிப் படிக்கும் முதல் வகுப்புப் பிள்ளையிடம் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் நீட்டுவதும் அதே வீண்செலவுதான்.

தொடக்க வகுப்புகளில் வீட்டு மொழியில் வாசிப்பை உறுதிப்படுத்திவிட்டு, ஆங்கிலத்தைப் பேச்சாகவும் பாட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பிலிருந்து, பிள்ளைகள் வேகமாகக் கற்கும் அந்தப் பருவத்தில், நாளுக்கு இரண்டு மணி நேரமாக அதைக் குவிக்கலாம். பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துவது நமக்குப் புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கல்குவாரிப் பெண்கள்வரை எழுத்தைக் கொண்டுசேர்த்தது. 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தெருவுக்குள்ளேயே தன்னார்வலர்களைக் கண்டெடுத்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளின் தொழிலாளர் விடுதிகளில் வாரம் மூன்று மாலை தமிழ் எழுத்தும் பேச்சும் கற்பிக்க இவ்விரண்டு அனுபவமும் போதும். செலவில் ஒரு பங்கைத் தொழிற்சாலைகள் ஏற்கலாம். தமிழில் எழுதிய பாதுகாப்பு எச்சரிக்கையைத் தொழிலாளியால் வாசிக்க முடிவதில் அவற்றுக்கும் ஆதாயம் உண்டு. கற்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பத்துப் பேரை என்னால் திரட்ட முடியும்.