நிலம் விழுங்கும்போது பட்டா கேட்பதில்லை

ஜார்க்கண்டின் தன்பாத் மாவட்டத்தில் உள்ள ஜரியாவில் நிலத்துக்கடியில் நூறாண்டுக்கும் மேலாக நிலக்கரி எரிகிறது. முதல் தீ 1916-இல் கண்டறியப்பட்டது. 2017 மே மாதம் அங்கே ஒரு தந்தையும் மகனும் திடீரெனப் பிளந்த பள்ளத்துக்குள் விழுந்து மாண்டார்கள். இதை 'இயற்கைச் சீற்றம்' என்று சொல்வதை நாம் ஏற்கக் கூடாது தோழர்களே.

நிலத்தடிச் சுரங்கத்தில் கூரை சரியாமலிருக்க நிலக்கரியிலேயே தூண்களை விட்டுவைப்பார்கள். வெட்டியெடுத்த வெற்றிடத்தை மணலால் நிரப்ப வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் நாட்டுடைமை ஆகும்வரை, தனியார் முதலாளிகள் பலர் மணலுக்கான செலவை மிச்சம் பிடித்தார்கள். தூண்களையும் வெட்டி விற்றார்கள். விரிசல் வழியே காற்று புகுந்தால் நிலக்கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தூண் எரிந்தால் மேலே இருக்கும் வீடு உள்ளே இறங்கும். ஆக, இன்று பிளக்கும் நிலம் அன்று யாரோ எடுத்த லாபத்தின் மிச்சம்.

அந்தச் சுரங்கங்களுக்குள் தொடக்கத்திலிருந்தே இறங்கியவர்களில் சந்தால் பழங்குடிகளும் பவுரி, புய்யா போன்ற பட்டியல் சாதி மக்களும் ஏராளம். ஆனால் மறுவாழ்வுத் திட்டம் மக்களை இரண்டாகப் பிரிக்கிறது: நில ஆவணம் உள்ளவர்கள், இல்லாதவர்கள். நிலத்துக்கான இழப்பீடு ஆவணம் உள்ளவருக்கு. இல்லாதவருக்கு பெல்காரியா போன்ற குடியிருப்புகளில் ஓர் அடுக்குமாடி வீடு. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட சாதியிடம் போய் 'பத்திரம் எங்கே?' என்று கேட்பது நடுநிலையான கேள்வியா? அது சாதியின் கணக்கையே அரசாங்கக் கோப்பில் ஏற்றுவது.

2009-இல் 7,112 கோடி ரூபாய்க்குப் பெருந்திட்டம். 2025 ஜூனில் 5,940 கோடிக்குத் திருத்திய திட்டம். இரு பிரிவினருக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் வாழ்வாதார உதவி என்ற அறிவிப்பு ஒரு முன்னேற்றம்தான். ஆனால் ஒரு லட்சம் எத்தனை மாதத்துக்கு வரும்?

"ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நிலக்கரி பொறுக்கி விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும் என்பவர்களுக்கு, வேலையில்லாத ஊரில் தரும் வீடு பாதி மறுவாழ்வுதான்.

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மறுவாழ்வுத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் தொகையை முதலில் பார்க்காதீர்கள். 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்கு அது தரும் வரையறையைப் படியுங்கள். யார் விடுபடுகிறார்கள் என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கும். நம் போராட்டத்தை அந்த வரியிலிருந்து தொடங்குவோம்.