பிள்ளைகளும் படிப்பும், ஒரு சாவியும்

அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கு 20 வயதிலேயே இரண்டு குழந்தைகள். கலிபோர்னியாவின் சிக்கோ கல்லூரியில் கதை எழுதப் படித்தவருக்கு வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை. ஆசிரியர் ஜான் கார்ட்னர் தன் அலுவலக அறைச் சாவியையே கொடுத்தார். வார இறுதிகளில் கார்வர் அங்கே எழுதினார்.

1963இல் குடும்பத்தோடு அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறைக்குப் படிக்கப் போனார். அங்கே ஒருநாள், சலவை நிலையத்தில் உலர்த்தும் இயந்திரம் காலியாவதற்குக் காத்திருந்ததில் ஒரு பிற்பகலே கரைந்தது; பிள்ளைகளை அழைத்துவர நேரமாகிவிட்டது. மனைவி மேரியன் உணவகத்தில் பரிமாறிச் சம்பாதித்தும் பணம் போதவில்லை. பட்டம் பெறாமலே கார்வர் கிளம்பினார். மேரியனின் படிப்பும் தள்ளிப்போனது.

ஒரே மூச்சில் எழுதி முடிக்கக்கூடிய சிறுகதைகளை அவர் நாடியதற்கு இந்த நெருக்கடியும் காரணம்.

இப்படிப் பிள்ளைகளோடு படிப்பவர்களுக்கு, எழுத்துப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு குழந்தைக் காப்பகம், மாலை வகுப்பு, கூடுதல் அவகாசம் ஆகியவற்றையும் தரவேண்டும். கார்வருக்குக் கிடைத்த சாவி ஓர் ஆசிரியரின் பெருந்தன்மை. இன்றைய தாய்மாருக்கும் தந்தையருக்கும் அது விதியாகவே கிடைக்கட்டும்.