ஏ.என்.ஏ. பொசிட்டிவ் என்றால் பிள்ளை நோயாளியா?



ஊரில் ஒரு புதுப் பழக்கம் வளர்ந்து வருகிறது. பெண் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம் இதைப் பார்த்தும் பேசாமல் இருப்பது சரியில்லை.

மூட்டு நோகிறது, முடி கொட்டுகிறது, களைப்பாக இருக்கிறது என்றதும் டொக்டரிடம் காட்டாமலே பிள்ளையைத் தனியார் லேபுக்குக் கூட்டிப்போய் ஏ.என்.ஏ. பரிசோதனை செய்கிறார்கள். "பொசிட்டிவ், 1:80" என்று ரிப்போர்ட் வருகிறது. மஃரிபுக்கு முன் அது குடும்ப வட்ஸ்அப் குரூப்பில். இஷாவுக்குள் பிள்ளைக்கு "லூபஸ்" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அடுத்த கிழமை கலியாணப் பேச்சு நிற்கிறது.

கேட்கிறோம்: அந்தத் தாளில் லூபஸ் என்று எங்கே எழுதியிருக்கிறது?

எமது சொந்தக் கலங்களின் கருவோடு ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் உண்டா என்று பார்ப்பதுதான் ஏ.என்.ஏ. 1:80 என்றால், இரத்தத்தின் நீர்ப்பகுதியை 80 மடங்கு ஐதாக்கிய பிறகும் அவை தெரிகின்றன என்று பொருள். அவ்வளவுதான். அவை சுகமான உடம்பிலும் இருக்கும். பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து 1997 இல் வெளியிட்ட ஆய்வில், சுகதேகிகளான பெரியவர்களில் 1:40 அளவில் நூற்றுக்கு 32 பேர் வரையும், 1:80 இல் 13 பேர் வரையும், 1:160 இல் 5 பேரும் பொசிட்டிவ். கணக்குப் பார்ப்போம். ஒரு வலீமாவுக்கு வந்த சுகமான 300 பேருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்தால், கிட்டத்தட்ட 40 பேருக்கு 1:80 வரும். பெண்ணை வேண்டாம் என்று சொன்ன மாமியும் அந்த நாற்பதில் ஒருவராக இருக்கலாம்!

தைரொயிட் நோய், சில தொற்றுகள், காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் போன்ற சில மருந்துகள், வயது கூடுவது, இவற்றாலும் இது பொசிட்டிவ் ஆகும்.

"அப்படியென்றால் ரிப்போர்ட்டைக் குப்பையில் போடவா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. லூபஸ் உண்மையான நோய். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் இளம் வயதினர். நோவே இல்லாமல் சிறுநீரகத்தைப் பழுதாக்கவும் கூடும். லூபஸ் உள்ள அநேகமாக எல்லோருக்கும் ஏ.என்.ஏ. பொசிட்டிவ். ஆனால் ஏ.என்.ஏ. பொசிட்டிவான எல்லோருக்கும் லூபஸ் இல்லை. இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் விளங்காதவர்கள் தயவுசெய்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

2019 இல் சர்வதேச வாதநோய் நிபுணர்கள் வகுத்த அளவுகோலில் 1:80 என்பது வெறும் நுழைவாசல். அதற்குப் பிறகு நோயின் அடையாளங்களுக்கும் மற்றப் பரிசோதனைகளுக்கும் குறைந்தது 10 புள்ளிகள் சேர வேண்டும். வெயில் பட்டால் கன்னத்தில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், காலையில் மூட்டு வீங்கி விறைப்பது, மூச்செடுக்கும்போது நெஞ்சு நோவது, கால் வீக்கம், நுரை தள்ளும் சிறுநீர், இப்படி ஏதும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டினால், தேவைப்பட்டால் வாதநோய் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். காசு கேட்க மாட்டார்கள். சிறுநீரையும் இரத்தக் கலங்களின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். டி.எஸ்.டி.என்.ஏ., சீ3, சீ4 எல்லாம் வேண்டுமா என்று தீர்மானிப்பது டொக்டர்தான், லேப் கவுன்டர் இல்லை. மாதம் மாதம் ஏ.என்.ஏ.யைத் திரும்பச் செய்வதும் வீண் செலவு. நோய் கூடுவதையும் குறைவதையும் அந்த எண் காட்டாது.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. யாரென்றே பார்க்காமல் "முழு உடல் பெக்கேஜ்" விற்பவர்கள், ரிப்போர்ட்டின் போட்டோவைப் பார்த்தே தூள் மருந்து அனுப்புபவர்கள், "இங்கிலிஷ் மருந்தை நிப்பாட்டுங்கள்" என்று வொய்ஸ் மெசேஜ் போடுபவர்கள். ப்ரெட்னிசொலோன் குடித்து வருபவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்த வொய்ஸ் மெசேஜ் போட்டவரா வந்து பொறுப்பெடுக்கப் போகிறார்?

இன்னொன்று. உண்மையாகவே லூபஸ் என்று உறுதியானாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்து, டொக்டரோடு பேசித் திட்டமிட்டுக் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர். எமது பேச்சுக்குப் பயந்து நோயை மறைத்து, கிளினிக் போகாமல் விடும் பிள்ளைக்குத்தான் சிறுநீரகம் போகிறது. அந்தப் பாவத்தில் ஊருக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே உம்மாமாரே, வாப்பாமாரே: முதலில் டொக்டர், பிறகுதான் லேப். அடுத்தவரின் ரிப்போர்ட் ஓர் அமானிதம், அதை ஃபோர்வர்ட் பண்ணாதீர்கள். கலியாணப் பேச்சில் இரத்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் கேளுங்கள்: "உங்களுடைய ஏ.என்.ஏ. எவ்வளவு?"