நர்ஸம்மா மேல கோபப்படும் முன் ஒரு நிமிஷம்!



அந்த மாதிரி வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அரசு ஆஸ்பத்திரி வார்டு, ஒருத்தர் கத்துறார், நர்ஸ் ஒருத்தர் பதில் சொல்ல முடியாம நிற்கிறார். கீழே "அதிகம் பகிரவும்". பகிர்வதற்கு முன் இதைப் படியுங்கள்.

நம்ம சேந்தமங்கலம் தொகுதியையே எடுத்துக்குவோம். கீழே சமவெளி. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே கிராம சுகாதார செவிலியர்தான் கர்ப்பிணியைப் பார்க்கணும், தடுப்பூசிக்கு வீடு வீடா சொல்லணும், பிக்மி எண் பதியணும், எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தணும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் வரத் தாமதமானா, திட்டு வாங்குறதும் அவர்தான். பணத்தை விடுவிக்கிற அதிகாரம் அவர் கையில் இருக்கா? இல்லையே!

இந்தச் சோர்வுக்கு மருத்துவ உலகம் வைத்த பெயர் 'பர்ன் அவுட்'. உடலும் மனசும் வற்றிப் போகும், வேலை மேல வெறுப்பு வரும், "நம்மால முடியல" என்ற எண்ணம் வரும். இது தனி மனிதரின் பலவீனம் இல்லை, சரிசெய்யப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லிவிட்டது. அப்புறம் எதுக்கு "யோகா பண்ணுங்க"னு மட்டும் அறிவுரை? யோகா நல்லதுதான். ஆனா நைட் டியூட்டி முடிச்சவருக்கு முதல்ல தேவை தூக்கம்.

பயமும் சேர்ந்துக்குது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியான டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவே சென்னையில் கல் வீசித் தடுத்தார்கள். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடித்து வைக்கப்பட்டது. கைதட்டினோம், விளக்கேற்றினோம். வேலையைக் காப்பாத்தினோமா?

நாம் கேட்க வேண்டியது:

1. காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பு.
2. இரவுப் பணிக்குப் பின் கட்டாய ஓய்வு கொடு.
3. கணினிப் பதிவுக்குத் தனி ஆள் போடு.
4. தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிர்வாகமே புகார் கொடுக்கணும். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை போட்ட உத்தரவுதான் இது. அதை நடைமுறைப்படுத்து.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கு. குறை இருந்தால் கேளுங்கள், அது உங்க உரிமை. தலைமை மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள், மனு போடுங்கள், நம் நிர்வாகிகளைக் கூட்டிட்டுப் போங்கள். ஆனா வார்டுக்குள்ள செல்போனைத் தூக்கி ஒரு செவிலியர் முகத்தைப் படம் பிடிக்காதீங்க. ஆள் பற்றாக்குறைக்குக் காரணமானவங்க அந்த வீடியோவில் இருக்கவே மாட்டாங்க!

இதைப் படிக்கிற செவிலியர், மருத்துவர், 108 ஊழியர் யாராக இருந்தாலும்: தூக்கம் வரலையா, அழுகை வருதா, உள்ளுக்குள்ள வெச்சுக்காதீங்க. 14416க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நம்மைப் பார்த்துக்கிறவங்களை நாம பார்த்துக்குவோம், தோழர்களே!

#செவிலியர்_நலம் #சேந்தமங்கலம்